எண்ணூர்ச் சாலையில் இரட்டை விசை வண்டி

எண்ணூருக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ ரகுநந்தன் ஸரன் 'அசோக் மோட்டார்ஸ்' என்னும் கம்பெனியை ஸ்தாபித்தார். நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டிலேயே அந்தக் கம்பெனியின் எண்ணூர்த் தொழிற்சாலையில், இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டிச் சாலைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய அந்த ஸ்தாபனம் பின்னர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் பெற்றது. ஊருக்கு வடக்கே 2001-இல் திறக்கப்பெற்ற துறைமுகம் இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து நம் நாட்டில் செய்த கார்கள் கப்பலேறிப் பிற தேசங்களுக்குப் போகின்றன. அயலார் காரைப் பூட்டிக் கொடுத்த ஊர், நம் கார்களுக்கு ஏற்றுமதி வாசலாகிவிட்டது.

இந்த ஊர்ச் சாலையில் சில ஆண்டுகளாகப் புது மாதிரி வண்டி ஒன்று தென்படுகிறது. லாரி வரிசைக்குப் பின்னால் நிற்கும்போது அதன் எஞ்சின் சத்தம் நின்றுவிடுகிறது. வரிசை நகர்ந்தால், உறுமாமல் பூனை போல நகர்கிறது. சற்று வேகம் பிடித்த பிறகே எஞ்சின் விழித்துக்கொள்கிறது. 'ஹைப்ரிட்' என்று உலகம் அழைக்கும் இரட்டை விசை வண்டி இதுதான். பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் மின்சார மோட்டாரும் இதில் ஒன்றுக்கொன்று துணையாக வேலை செய்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு வேறொரு பெருமையும் உண்டு. முன்னே செல்லும் வண்டியைக் கவனித்துத் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். அபாயம் நெருங்கினால் தாமாகவே பிரேக் பிடிக்கும். கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும்.

கார் வாங்கும் யோசனையில் உள்ள குடும்பங்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையிலேயே பெட்ரோல் மிச்சமாகுமா? தானே பிரேக் பிடிக்கும் வண்டியை நம்பலாமா? இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது நம் அபிப்பிராயம். முன்னே வருவதை முன்கூட்டியே பார்க்கிறவருக்கு மிச்சமும் உண்டு, காவலும் உண்டு. அல்லாதவருக்கு இரண்டும் அரைகுறைதான். அது ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

இரண்டு விசைகள் கூடிய விதம்

இந்த யோசனை பழமையானது. 1900-ஆம் ஆண்டிலேயே பெர்டினாண்ட் போர்ஷே என்னும் இளம் யந்திர நிபுணர், எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றும் வண்டி ஒன்றைச் செய்தார். 'எப்போதும் உயிருள்ளது' என்று பொருள்படும் 'ஸெம்பர் விவஸ்' என்ற லத்தீன் பெயரை அதற்கு இட்டார். பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலத்தில் அந்த வழியில் தொடர்ந்து போவார் அதிகமில்லை. 1997-இல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் 'பிரியஸ்' காரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரட்டை விசை வண்டி சாதாரண மக்களின் வாசலுக்கு வந்தது. நம் தேசத்தில் 2022-ஆம் ஆண்டு ஹோண்டா ஸிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா முதலிய வண்டிகளில் இம்முறை வந்தது முதல் நடுத்தரக் குடும்பங்களும் இதைப் பற்றி விசாரிக்கலாயின.

வாங்குகிறவர்கள் முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடையில் 'ஹைப்ரிட்' என்ற ஒரே பெயரில் இருவகை வண்டிகள் விற்கின்றன. ஒன்று 'மைல்டு ஹைப்ரிட்'. இதில் உள்ள சிறு மோட்டார், எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர, வண்டியைத் தனியே இழுக்காது. மற்றொன்று 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்'. இதுதான் எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரத்தாலேயே சிறிது தூரம் ஓடவல்லது. நாம் இங்கே பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே. இதைச் சுவரில் உள்ள மின்சாரத்தோடு இணைத்து ஏற்ற வேண்டியதில்லை. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

டொயோட்டா முறையில் இரண்டு விசைகளையும் சேர்ப்பது ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் சூரியன் போல் ஒரு சக்கரம். அதைச் சுற்றிக் கிரகங்கள் போல் சில சிறு சக்கரங்கள். எல்லாவற்றையும் வளைத்து ஒரு வெளி வளையம். எஞ்சின் கிரகங்களைச் சுமக்கும் சட்டத்தைச் சுழற்றுகிறது. சூரியச் சக்கரத்தோடு மின்சாரம் உண்டாக்கும் யந்திரம் இணைந்திருக்கிறது. வெளி வளையத்தோடு ஓட்டும் மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும் இணைந்திருக்கின்றன. கியர் மாற்றாமலே, எஞ்சினின் சக்தியில் எவ்வளவு சக்கரத்துக்குப் போகவேண்டும், எவ்வளவு மின்சாரமாக வேண்டும் என்பதை இந்தத் தொகுதி பங்கிடுகிறது. ஹோண்டா முறை வேறு. அதில் எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் உண்டாக்கவே ஓடும். வண்டியை இழுப்பது மோட்டார். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளச் எஞ்சினை நேரே சக்கரத்தோடு பிணைக்கும்.

எஞ்சினும் சாதாரணமானதன்று. 1882-இல் ஜேம்ஸ் அட்கின்ஸன் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையைத் தழுவியது அது. எரிந்த வாயு விரியும் தூரம், காற்றை அழுத்தும் தூரத்தைக் காட்டிலும் அதிகம். அதனால் ஒவ்வொரு துளிப் பெட்ரோலிலிருந்தும் கூடுதலான வேலையைக் கறந்துகொள்கிறது. குறைந்த வேகத்தில் இழுவை போதாமையே இதன் குறை. மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையும் தரவல்லது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

நாற்பது வாட்ஸ் விளக்கு

ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகப் போனவர்களுக்கு அந்தச் சாலையின் சுபாவம் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெயினர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் நாட்களில், நகர்வதும் நிற்பதுமாகவே பொழுது போய்விடும். சாதாரண வண்டிக்கு இதைவிடக் கேடான பாதை இல்லை. இரட்டை விசை வண்டிக்கோ இதுவே தன் திறமையைக் காட்டும் களம்.

பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்போது அதில் அடங்கியுள்ள இயக்க சக்தி சுமார் 145 கிலோஜூல். வீட்டுக் கணக்கில் சொன்னால், 40 வாட்ஸ் விளக்கு ஒன்று ஒரு மணி நேரம் எரிவதற்கு வேண்டிய மின்சாரம். சாதாரண காரில் ஒரு முறை பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் பிரேக் தகட்டில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அதே வேகத்தை மறுபடி பிடிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை மேஜைக் கரண்டிப் பெட்ரோல் எரிய வேண்டும். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே எத்தனை முறை நிற்கிறோம் என்று எண்ணிக்கொண்டால், ஒரு நாளில் எத்தனை விளக்குகளை அணைத்தோம் என்பது விளங்கும்.

இரட்டை விசை வண்டியில் பிரேக்கை மெதுவாக மிதித்தால், முதலில் வேலை செய்வது தகடன்று, மோட்டார். இதுவரை மின்சாரம் உண்டு சக்கரத்தைச் சுழற்றிய மோட்டார், இப்போது சக்கரத்தால் சுழற்றப்பெற்று மின்சாரம் உண்டாக்குகிறது. அது பாட்டரியில் சேர்கிறது. சேர்வது முழுவதும் அன்று. வழியில் ஒரு பங்கு சூடாகிப் போகத்தான் செய்யும். ஆயினும் முற்றிலும் வீணாகிக்கொண்டிருந்த பொருளில் பெரும் பங்கு வீடு திரும்புகிறது அல்லவா? வரிசையில் நிற்கும்போது எஞ்சின் அணைந்திருப்பது மற்றொரு மிச்சம்.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா வண்டிகளின் பாட்டரி முக்கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரமே கொள்ளும். அது களஞ்சியமன்று, சில்லறை போட்டு எடுக்கும் கைப்பை. சேர்த்ததை உடனுக்குடன் செலவழித்து, செலவழித்ததை மறுபடி சேர்க்க வேண்டும். இதை மனத்தில் வைத்தால், கீழே சொல்லும் விதிகள் எல்லாம் தாமே விளங்கும்.

காலுக்கு வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, தூரத்தில் சிவப்பு விளக்கோ லாரியின் பின்புறமோ தெரிந்தவுடன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிறகு பிரேக்கை மெல்ல, நெடுந்தூரம் பிடிக்க வேண்டும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் மோட்டார் ஒன்றே அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள இயலாது. தகடுகள் குறுக்கே வந்து பிடிக்கும். மின்சாரம் மறுபடி சூடாகிப் போகும். ஆனால் அபாயம் நேர்ந்த இடத்தில் சிக்கனத்தை எண்ணவே கூடாது. பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பதே அங்கே தர்மம்.

இரண்டாவது, எஞ்சின் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று ஆமை போல ஊர்ந்து புறப்படுவது சிக்கனமன்று. பலரும் அவ்வாறு எண்ணுகிறார்கள். பாட்டரியிலிருந்து எடுத்ததை எஞ்சின்தான் பிறகு நிரப்பியாக வேண்டும். பெட்ரோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி ஓட்டமாக்கும்போது இரு முறை வரி கட்டுகிறோம். ஆகவே மிதமான விறுவிறுப்போடு வேண்டிய வேகத்தைப் பிடித்து, பிறகு காலைத் தளர்த்தி, அந்த வேகத்தைக் காப்பதே நலம். மின்சாரத்தால் மட்டும் ஓட்டுவதற்கென்று உள்ள பொத்தானை விடியற்காலையில் ஓசையின்றித் தெருவை விட்டு வெளியேறப் பயன்படுத்தலாம். பெட்ரோலை மிச்சப்படுத்த அன்று.

மூன்றாவது, லாரி வரிசையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் 'என்' என்ற நடுநிலையில் போடும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். டொயோட்டா முறை வண்டிகளில், நடுநிலையில் இருக்கும்போது பாட்டரிக்கு மின்சாரம் ஏறாது. குளிர்சாதனமோ பாட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். 'டி'யில் வைத்துப் பிரேக்கைப் பிடித்திருக்கலாம். வெகுநேரமானால் 'பி'யில் நிறுத்தலாம். 'பி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வேறொரு ஒலியுள்ள 'பி'யும் சில வண்டிகளில் உண்டு. அது நீண்ட மலைச் சரிவில் இறங்குவதற்கானது. சமதரையான எண்ணூரில் அதற்கு வேலையில்லை.

நான்காவது, குளிர்சாதனம். வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடிகளை இறக்கி, உள்ளே அடைந்த அனலை முதல் ஓரிரு நிமிஷம் வெளியேற்றிவிட்டுப் பிறகு குளிர்சாதனத்தைப் போட்டால் பாட்டரியின் பாரம் குறையும். பல வண்டிகளில் பாட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் ஆசனத்துக்கு அருகே உள்ள ஒரு துவாரத்தின் வழியாகப் போகிறது. அதன் மேல் பையையோ துண்டையோ போட்டு அடைத்துவிடக் கூடாது. தூசு நிறைந்த நம் பகுதியில் அதன் வடிகட்டியைக் காலாகாலத்தில் சுத்தம் செய்யச் சொல்வதும் அவசியம்.

ஐந்தாவது, நெடுஞ்சாலை. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலையில் ஏறியதும், வண்டியின் தனிச் சிறப்பு பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது. நிற்பதில்லை, ஆகவே திரும்பப் பெறுவதும் இல்லை. அங்கே எதிரி காற்று. 80-லிருந்து 100-க்கு வேகத்தை ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. அங்கே மிச்சம் வேண்டுமானால் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், அரைக் கிலோமீட்டர்ப் பயணங்கள் நான்கைச் சேர்த்து ஒன்றாக முடிப்பதும் எந்த வண்டிக்கும் பொருந்தும்; இதற்கும் பொருந்தும். குளிர்ந்த எஞ்சின் சூடேறுவதற்கே பெட்ரோல் எரிக்கும் என்பதை மறக்கலாகாது.

முன்பணம் திரும்புமா?

அரசாங்க விதிப்படி சோதனைச்சாலையில் அளந்தபோது ஹைரைடர் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டரும், ஹோண்டா ஸிட்டி 2022-இல் வந்தபோது 26.5 கிலோமீட்டரும் காட்டின. சாலையில் அந்த எண்ணை எல்லாரும் காண்பது இல்லை. ஆதலால் ஒரு கற்பனைக் கணக்கு: சாதாரணக் கார் நம் நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது, இரட்டை விசைக் காரை நிதானமாக ஓட்டுகிறவர் 21 பெறுகிறார், அவசரக் காலுள்ளவர் 17 பெறுகிறார். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிதானமானவருக்கு மாதம் ஏறக்குறைய 2,900 ரூபாய் மிஞ்சும். முன்பணம் எட்டரை ஆண்டில் திரும்பும். அவசரக்காரருக்கு மிஞ்சுவது 1,800 ரூபாய். அவர் ஏறக்குறைய 14 ஆண்டு காத்திருக்க வேண்டும். வண்டி ஒன்றே, சாலை ஒன்றே; பேதம் காலில்தான். மாதம் சில நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாத குடும்பம், விலையை மட்டும் எண்ணினால், சாதாரண வண்டியோடு திருப்தியடைவதே விவேகம்.

இந்தக் கணக்கு வீட்டோடு முடிவதன்று. எண்ணூருக்குப் பக்கத்திலேயே மணலியில், 1965-இல் மெட்ராஸ் ரிபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பெற்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. நம் தேசம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குவது. லாரி வரிசையில் வீணே எரியும் ஒவ்வொரு கரண்டியும் கடல் கடந்து, அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கி வந்தது.

பின் ஆசனத்துப் பெரியம்மா

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஓட்டுகிறவருக்கு உதவி செய்யும் ஏற்பாடு புதிதன்று. பின் ஆசனத்தில் அமர்ந்து, "தம்பி, பார்த்துப் போப்பா! முன்னாலே லாரி நிற்குது!" என்று எச்சரிக்கும் பெரியம்மா இல்லாத குடும்பம் ஏது? இப்போது அந்த உத்தியோகத்தைக் காமிராவும் ராடாரும் ஏற்றிருக்கின்றன. பெரியம்மாவைப் போலவே அவையும் சில சமயம் அபாயம் இல்லாத இடத்தில் கூச்சலிடும். சில சமயம் அபாயம் உள்ள இடத்தில் கண்ணயர்ந்துவிடும்.

காமிரா முன் கண்ணாடியின் உச்சியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கோடுகளையும் வண்டிகளையும் மனிதர்களையும் உருவத்தால் இனம் காண்பது அதன் வேலை. ராடார், வண்டியின் முகப்பிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பி, மோதித் திரும்பும் அலைகளைக் கொண்டு தூரத்தையும் வேகத்தையும் அளக்கிறது. ஹோண்டா ஸிட்டியில் இந்தப் பணி காமிராவைக் கொண்டே நடக்கிறது. இன்னோவா ஹைக்ராஸ் போன்றவற்றில் இரண்டும் உண்டு. எல்லா இரட்டை விசை வண்டிகளிலும் இவை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தானியங்கி வண்டிகளை உலகத்தார் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகளாக வகுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் குடும்பங்கள் வாங்கும் வண்டிகள் இரண்டாம் படியைத் தாண்டியவை அல்ல. அந்தப் படியில் வண்டி ஸ்டியரிங்கையும் வேகத்தையும் கவனிக்கலாம். ஆனால் சாலையை இடைவிடாமல் கவனிப்பது மனிதர் கடமை. விபத்து நேர்ந்தால் பொறுப்பும் அவருடையதே.

கண் ஏமாறும் இடங்கள்

நெடுஞ்சாலைக்காகவே பிறந்த ஏற்பாடு, முன் வண்டியைப் பின்பற்றி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுவது. இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. ராடாருக்கு ஓடும் பொருளை அறிவது எளிது. அசையாமல் நிற்கும் பொருளை அறிவது கஷ்டம். பாலம், பலகை, சாலையோரத் தடுப்பு, இரும்பு மூடி எல்லாமே அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி நகராது. ஆதலால் அசையாப் பொருள்களின் எதிரொலியில் பலவற்றை யந்திரம் ஒதுக்கிவிடுமாறு செய்திருக்கிறார்கள். முன்னே போகும் கார் திடீரென்று விலகி, அதற்கு முன்னால் நிற்கும் லாரி வெளிப்பட்டால், யந்திரம் அதைக் காலம் தாழ்த்தி அறியலாம், அறியாமலும் போகலாம்.

எண்ணூர் மணலிப் பகுதியில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இரவில் பின்விளக்கின்றிச் சாலையோரத்தில் நிற்கும் லாரியை இங்கே பார்க்காதவர் இல்லை. கண்டெயினரை இறக்கிவிட்டு வெறும் சட்டமாக நிற்கும் டிரெய்லர் இன்னும் அபாயகரமானது. அதன் பின்புறம் ஒல்லி. தரைக்கு மேல் உயரம் அதிகம். சுமையற்ற லாரி போன்ற சிறிய பின்புறத்தைக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 55 அடி கடக்கிறது. ஈரமற்ற நல்ல சாலையில், உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆனால், நிற்பதற்கு மொத்தம் ஏறக்குறைய 36 மீட்டர் வேண்டும். 80-இல் 57 மீட்டர். மனிதக் கண் அந்த மீட்டர்களை முன்னதாகவே கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடு காக்கும் ஏற்பாட்டுக்கும் சோதனை உண்டு. தூசு மூடி, வண்ணம் தேய்ந்த சாலையில் அது கோட்டைக் காணாது. ஒட்டுப்போட்ட தாரின் ஓரத்தைக் கோடென்று எண்ணிவிடவும் கூடும். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டியும், குறுக்கே பாயும் மாடும் அதன் பாடத்திட்டத்தில் முழுமையாக இடம்பெற்றவை அல்ல. மாலையில் மணலியை நோக்கி மேற்கே போகும்போது, தாழ்ந்த சூரியன் நம் கண்ணைக் கூசச் செய்வது போலவே காமிராவின் கண்ணையும் கூசச் செய்கிறது. அடைமழையும் அப்படியே. கடற்காற்றில் வரும் உப்பு, கண்ணாடியில் படலமாகப் படிகிறது. காலையில் புறப்படுமுன் காமிராவுக்கு நேரே உள்ள கண்ணாடியை ஈரத் துணியால் துடைப்பது இப்பகுதியாருக்கு நித்திய கடமை.

நாமே மறைத்துவிடும் இடங்களும் உண்டு. முன் கண்ணாடியின் உச்சியில் சுவாமி படமோ ஸ்டிக்கரோ ஒட்டினால் காமிராவின் பார்வை தடைப்படும். பல வண்டிகளில் கம்பெனியின் சின்னத்துக்குப் பின்னாலேயே ராடார் அமர்ந்திருக்கிறது. ஆயுத பூஜையன்று அதன் மேல் சந்தனத்தை அப்பி, எலுமிச்சம்பழத்தைக் கட்டி, மாலையையும் தொங்கவிட்டால், கருவி 'தடை' என்று எச்சரிக்கை காட்டி வேலையை நிறுத்திவிடலாம். பூஜை நடக்கட்டும், சின்னத்துக்குப் பதில் பக்கத்தில் பொட்டிடலாம், புறப்படுமுன் மாலையைக் கழற்றலாம். முகப்பில் இரும்புக் கம்பித் தடுப்பு போடுவது ராடாரையும் மறைக்கும்; 2017 டிஸம்பரில் மத்திய அரசாங்கம் அதைச் சட்டவிரோதம் என்றே அறிவித்துவிட்டது. முன் கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் காமிராவை மறுபடி அளந்து நிலைப்படுத்தச் சொல்லவேண்டும். இல்லையேல் மாறுகண்ணோடு சாலையைப் பார்க்கும்.

மிச்சமும் காவலும் சந்திக்கும் இடம்

இவ்வளவு குறை சொன்னதால் இந்தக் கருவிகள் வேண்டாம் என்பது பொருளன்று. அவசர பிரேக்கை ஒருபோதும் அணைத்து வைக்கக் கூடாது. ஒரு நொடி நம் கவனம் சிதறும்போது, மோதலைத் தவிர்க்காவிட்டாலும் அதன் வேகத்தைக் குறைக்க அது முயலும். அந்தக் குறைப்பே உயிரைக் காக்கலாம். பின்பற்றி ஓடும் ஏற்பாட்டை வெளிவட்டச் சாலை போன்ற திறந்த பாதையில், முன் வண்டிக்கு அதிக இடைவெளி வைத்து உபயோகிக்கலாம். எண்ணூரின் லாரி வரிசையிலும் மழையிலும் அதற்கு விடுமுறை கொடுத்துவிட வேண்டும். கோடு தெளிவாக இல்லாத சாலையில் கோடு காக்கும் ஏற்பாட்டையும் அணைத்துவிடலாம்.

இங்கேதான் நம் இரண்டு கேள்விகளும் ஒன்று சேர்கின்றன. பின்பற்றி ஓடும் கருவி பார்ப்பது முன்னே போகும் ஒரு வண்டியை. அதற்கு அப்பால் விளக்கு சிவந்திருப்பதும், நான்காவது லாரியின் பிரேக் விளக்கு எரிவதும், சாலையோரத்தில் பந்து ஓடி வந்ததால் பின்னே குழந்தை வரும் என்பதும் அதற்குத் தெரியாது. மனிதருக்குத் தெரியும். அதைப் பார்த்துக் காலைத் தளர்த்துகிறவர், அந்த ஒரே செய்கையால் பாட்டரியில் மின்சாரத்தைச் சேர்க்கிறார்; லாரிக்கும் தமக்கும் நடுவே இடத்தையும் சேர்க்கிறார். சிக்கனம் வேறு, ஜாக்கிரதை வேறு என்று இரண்டு பாடங்கள் இல்லை.

முன் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு, மூன்று வினாடி எண்ணி முடிவதற்குள் நாம் அதைக் கடந்துவிடக் கூடாது. இரவிலும் மழையிலும் இன்னும் அதிகம் வேண்டும். புது வண்டி வந்த வாரத்திலேயே அதன் கையேட்டில் 'கருவி வேலை செய்யாத சந்தர்ப்பங்கள்' என்று அச்சிட்டுள்ள பக்கங்களை வீட்டில் ஓட்டுகிறவர் எல்லாரும் படிக்கவேண்டும். சம்பளம் கொடுத்து வைத்த சாரதி இருந்தால், அவருக்கும் உட்கார்ந்து படித்துச் சொல்லவேண்டும். விலை கொடுத்து வாங்கிய யந்திரத்தைப் பற்றி அரைமணி நேரம் படிக்கச் சோம்பல் படுவது, பெட்ரோலை மட்டும் அன்று, சில வேளைகளில் ஆளையே செலவழித்துவிடும்.